வீடியோ காலுக்கு வந்த சொந்தக்காரக யாரும் அந்த ஆப்புல தங்கல

தேவகோட்டைக்காரரு ஒருத்தரு, பழைய சிநேகிதரு, போன வாரம் போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. அவரு மகனும் கூடப் படிச்ச பசங்களும் சேந்து நம்ம பக்கத்து ஆளுகளுக்குன்னே ஒரு சோசியல் நெட்வொர்க் ஆப் செய்றாகளாம், ஊர்ச் சேதி, கோயில் சேதி, கல்யாணம், வரன் எல்லாம் ஒரே எடத்துல, அதுல வீடியோ கால் மட்டும் நல்லா வச்சுட்டா ஜனம் தானா வந்து விழும்னு பையன் அடிச்சுச் சொல்றானாம். "நீங்கதான் வருசக்கணக்கா ஏதோ ஒரு ஆப்புல பங்காளிகளை எல்லாம் உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கீகளே, நீங்க சொல்லுங்க, வருவாகளா மாட்டாகளா?"ன்னாரு. போன்லயே பதில் சொல்லப் போயி அது பெரிய புலம்பலா ஆயிருச்சு, அவரும் "சரி சரி, அப்புறம் பேசுவோம்"னு வச்சுட்டாரு, அதனால எழுதியே போட்டுர்றேன்.

ஆப்போட பேரைச் சொல்ல மாட்டேன். அதுல எத்தனை பேரு ஒரே நேரத்துல பேசலாம், ஸ்டோரேஜ் எவ்வளவு, டார்க் மோடு இருக்கா இதெல்லாம் ரிவியூ போடுற பசங்க ஏற்கெனவே சொல்லிட்டாக. நான் சொல்லப்போறது இத்தனை நாளு குடும்பத்தோட அதுல குடியிருந்த அனுபவம். அதுலயும் முக்கியமா ஒரே ஒரு எரிச்சல், அதைப் பத்தித்தான் பாதிக்கு மேல எழுதுவேன்னு நினைக்கிறேன், பொறுத்துக்கங்க.

நாங்க ஏன் அதுல சேந்தோம்னா, வீடு. நான் இருக்குறது காரைக்குடி, பூர்வீக வீடு பள்ளத்தூர்ல. நம்ம பக்கத்து வீடுகளைப் பத்தி வெளியூர்க்காரக பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல்லு, பெல்ஜியம் கண்ணாடின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருவாக. அந்த வீட்டுக்கு எத்தனை பங்கு, மழை பேஞ்சா கூரை ஓடுகளை யாரு மாத்துறதுங்கிறது போட்டோல தெரியாது. எங்க வீட்டுப் பங்காளிக சிங்கப்பூர்ல இருக்காக, கோலாலம்பூர்ல இருக்காக, சென்னை, பெங்களூர், டல்லாஸ்னு செதறிக் கெடக்காக. வளவு, அதான் நடு முற்றம், அதோட தாழ்வாரத்துல ஓடு சரிஞ்சு தண்ணி உள்ள எறங்குது, மாத்தணும்னா எல்லாரும் சம்மதிக்கணும், பங்குக்கு இவ்வளவுன்னு பேசணும். முந்தியெல்லாம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வீட்டைத் தொறக்கும்போதுதான் எல்லாரும் கூடுவாக, அன்னைக்கிப் பேசலாம்னா சாமி காரியத்துல வீட்டுச் சண்டை வேண்டாம்னு பெரியவுக தடுத்துருவாக. சாப்பிட்டு முடிச்சதும் ஆளாளுக்குக் காரை எடுத்துக்கிட்டு மதுரை ஏர்போர்ட்டுக்குப் போயிருவாக. ஓடு அப்படியே கெடக்கும்.

கொரோனா வந்தப்ப எல்லாரும் மாதிரி நாங்களும் ஜூம்ல கூடுனோம். ஓசிக் கணக்குல குரூப் மீட்டிங் 40 நிமிஷந்தான், அது அவுக விதி, தெரிஞ்சுதான் போறோம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா பங்காளி கூட்டத்துல மொத 40 நிமிஷம் "நல்லாருக்கீகளா, குரல் கேக்குதா, படம் தெரியுதா, மருமக எங்க"ன்னே போயிரும், விசயம் ஆரம்பிக்கும்போதுதான் கட் ஆகும். கூகுள் மீட்லயும் 2021 பாதியில இருந்து ஓசியில 3 பேரு, அதுக்கு மேலன்னா 60 நிமிஷந்தான், அதுவும் பத்தாது. அப்பத்தான் சென்னையில இருக்குற சித்தப்பா மகன் இந்த ஆப்பைச் சொன்னான். நேரக் கணக்கே இல்ல, ஒரு ரூம் தொறந்து வச்சுட்டா போறவுக போகலாம், வர்றவுக வரலாம், ஆனா எல்லாரும் அதுல அக்கவுண்ட் தொறக்கணும்.

தொறந்தாக, அதுதான் ஆச்சரியம். பேஸ்புக்கே வேண்டாம்னு இருந்த கோலாலம்பூர் பெரியப்பா கூட பேரனை வச்சு அக்கவுண்ட் தொறந்து, வேட்டி கட்டுன போட்டோ ஒண்ணை போட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு. ஒரு வாரத்துக்குள்ள மொத்தப் பங்காளிகளும் உள்ள. தேவகோட்டைப் பையன் சொல்ற மாதிரி வீடியோ கால் ஆளைக் கொண்டாந்து சேத்துச்சு, இதை நான் கண்ணால பாத்தேன், மறுக்கல.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா ஒண்ணும் ஆகல. கால் முடியும், எல்லாரும் போயிருவாக. அடுத்த கால் வரைக்கும் அந்த ஆப்பை யாரும் தொறக்க மாட்டாக. அதுல ஒரு பக்கம் இருக்கு, போட்டோ போடலாம், சேதி போடலாம், லைக் போடலாம், எல்லாம் இருக்கு. போய்ப் பாத்தா பெரியப்பாவோட வேட்டி போட்டோவும், யாரோ தெரியாத்தனமா எடுத்துப் போட்ட கட்டைவிரல் போட்டோவும் அப்படியே கெடக்கும், வருசம் போயும் அதுதான் கெடக்கு. கல்யாணப் பத்திரிகை வந்துச்சுன்னா அது வாட்ஸப்புல வரும். காது குத்து போட்டோ வாட்ஸப்புல வரும். "கால் எப்ப"ன்னு கேக்குறதும் வாட்ஸப்புலதான், லிங்க்கை அனுப்புறதும் அங்கதான். அந்த ஆப்பு ஒரு கல்யாண மண்டபம் மாதிரி ஆயிருச்சு, விசேசத்தன்னைக்கி ஜேஜேன்னு இருக்கும், மறுநா பாத்தா வாட்ச்மேன் மட்டும் இருப்பாரு.

இப்ப அந்த எரிச்சலுக்கு வர்றேன். அதுல நீங்க ஒரு ரூம் தொறந்தீகன்னா, நீங்க யாரைக் கூப்பிட்டீகளோ அவுகளுக்கு மட்டும் மணி அடிக்காது. உங்க சிநேகித லிஸ்ட்ல இருக்குற அத்தனை பேருக்கும் "இன்னாரு இப்ப ரூம்ல இருக்காரு, நீங்களும் வாங்க"ன்னு ஒரு சேதி போயிரும், கூடவே யாரு யாரு உள்ள இருக்காகன்னு குட்டிக் குட்டி வட்டத்துல மூஞ்சி வேற. செட்டிநாட்டுப் பங்காளி வீட்டுல இது என்ன வேலை செய்யும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு நாள் ராத்திரி நான், சென்னைத் தம்பி, சிங்கப்பூர் அண்ணன், மூணு பேரு மட்டும். விசயம் என்னன்னா ஒரு வரன், பெண் வீட்டுப் பக்கம் கொஞ்சம் விசாரிக்கணும், இன்னும் யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் கூடாத நேரம். பேசிக்கிட்டே இருக்கோம், டிங்குனு ஒரு சத்தம், நாலாவது கட்டத்துல கூரையும் ஒரு மின்விசிறியும் தெரியுது. ரெண்டு நொடி கழிச்சு அந்தக் கூரை ஆடி, மூக்குக்கண்ணாடி வந்து, பெறகு முழு மூஞ்சியும் வந்துச்சு. பினாங்கு அயித்தை. எங்க அப்பச்சியோட, அதான் அப்பாவோட, தங்கச்சி. வந்தவுக வணக்கம் கூடச் சொல்லல. "என்னப்பா, மூணு பேரும் மட்டும் என்னத்தைப் பேசுறீக? எங்களை எல்லாம் கூப்பிட மாட்டீகளோ?"

சிங்கப்பூர் அண்ணன் சட்டுனு "ஓடு விசயம் அயித்தை"ன்னுட்டாக. அயித்தை விடுவாகளா, "ஓடுன்னா நானும் பேசணும்ல, எங்க அப்பா கட்டுன வீடுதானே"ன்னு உக்காந்துட்டாக. பெறகு நெசமாவே ஓட்டைப் பத்தி நடுராத்திரி வரைக்கும் பேசுனோம். மறுநாள் காலையில எனக்கு மூணு போன், அந்த மூணு மூஞ்சி வட்டத்தைப் பாத்துட்டு ரூமுக்குள்ள வராம விட்டவுககிட்ட இருந்து. "நேத்து கூட்டம் நடந்துச்சாமே." அவ்வளவுதான், மேல ஒண்ணும் சொல்ல மாட்டாக, அந்த 'ஆமே'லயே எல்லாம் இருக்கு.

இதை நிப்பாட்ட வழி இருக்கு, இல்லேங்கல. செட்டிங்ஸ், அதுக்குள்ள பிரைவசி, அதுக்குள்ள ரூம்ஸ், அதுக்குள்ள ஆக்டிவிட்டி, அங்க கடைசியில ஒரு பொத்தான். அமத்திட்டேன். எல்லார் போன்லயும் அமத்தச் சொல்லி, படம் எடுத்து அம்பு போட்டு, வாட்ஸப்புல அனுப்பி (பாத்தீகளா, இந்த ஆப்பைச் சரி பண்றதுக்கே வாட்ஸப் வேண்டியிருக்கு), பெரியப்பாவுக்குப் பேரன் மூலமா அமத்தி, ஒரு வழியா முடிஞ்சுச்சு. அடுத்த அப்டேட்டு வந்துச்சு, பொத்தான் திரும்ப ஆன். திரும்ப அமத்துனேன். அடுத்த அப்டேட்டு, திரும்ப ஆன், இந்தத் தடவ பொத்தானோட எடமே மாறிப்போச்சு. இது கவனக்குறைவுன்னு நான் நம்பல. ஒரு தடவன்னா கவனக்குறைவு, ஒவ்வொரு தடவயும்னா அது வேலை. கஸ்டமர் கேருக்கு எழுதுனா "உங்க அனுபவத்தை மேம்படுத்த"ன்னு ஆரம்பிச்சு ஒரு பதில் வரும், மெசினு எழுதுன பதில்.

ஏன் இப்படிப் பண்றாகன்னு சென்னைத் தம்பிகிட்ட கேட்டேன், அவன் இந்த லைன்லதான் வேலை பாக்குறான். அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ரெண்டு பேரு பேசுற கால்னா பெரும்பாலும் ஒருத்தரு போன்ல இருந்து இன்னொருத்தரு போனுக்கு நேராவே போயிரும், கம்பெனிக்குச் செலவு பெருசா இல்ல. 10 பேருன்னா ஒவ்வொருத்தரும் தன்னோட படத்தை மத்த 9 பேருக்கும் தனித்தனியா அனுப்பணும், நம்ம ஊரு அப்லோடு அதைத் தாங்காது, அதனால நடுவுல ஒரு சர்வர் வச்சு, ஒருத்தர்கிட்ட இருந்து ஒண்ணே ஒண்ணு வாங்கி அதை மத்தவுகளுக்குப் பிரிச்சு விடுவாக. அந்த சர்வருக்கும், போற வர்ற டேட்டாவுக்கும் கம்பெனி காசு கட்டணும். எழுத்துச் சேதின்னா காத்தாட்டம், செலவே தெரியாது, வீடியோன்னா ஒவ்வொரு நிமிஷமும் மீட்டர் ஓடும். அப்ப கணக்குப் பாருங்க, எங்க பங்காளிக மாதிரி காலுக்கு மட்டும் வந்து, ஒரு போட்டோ போடாம, ஒரு விளம்பரம் பாக்காம, நாலு மணி நேரம் ஓட்டுச் சண்டை போட்டுட்டுப் போறவுகதான் அவுகளுக்கு இருக்குறதுலயே செலவு புடிச்ச கஸ்டமர். அந்தச் செலவுக்கு அவுக வசூல் பண்ற ஒரே வழி, நாங்க பேசுறதையே ஊருக்குத் தண்டோராப் போட்டு இன்னும் நாலு பேரை உள்ள இழுக்குறது. கால் பண்றவுகளுக்கு அது மறைவா இருக்கணும், நெட்வொர்க் நடத்துறவுகளுக்கு அது வெளிய தெரியணும். இந்த ரெண்டும் ஒத்துப் போகாது.

இது இவுக மட்டும் கண்டுபுடிச்சதும் இல்ல. கூகுள் நடத்துன சோசியல் நெட்வொர்க், கூகுள் பிளஸ் ஞாபகம் இருக்கா? 2011 ஜூன் கடைசியில வந்துச்சு, மொதல்ல இன்விட்டேசன் இருந்தாத்தான் உள்ள விடுவாக, அதுக்கே அடிச்சுக்கிட்டு நின்னோம். அதுல ஹேங்அவுட்ஸ்னு ஒண்ணு, 10 பேரு ஒரே நேரத்துல படத்தோட பேசலாம், ஓசியில. அந்தக் காலத்துக்கு அது சாமானியம் இல்ல. நீங்க ஹேங்அவுட் ஆரம்பிச்சா அதுவும் நீங்க கூப்பிட்ட சர்க்கிள்காரக (அதுல நாம பிரிச்சு வச்ச சிநேகிதக் கூட்டத்துக்கு அந்தப் பேரு) பக்கத்துல ஒரு போஸ்டா வந்து நிக்கும், பாத்தவுக உள்ள வந்துக்கலாம். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஒபாமாவே 2012 ஜனவரியில ஹேங்அவுட்ல உக்காந்து ஜனங்களோட பேசுனாரு. அதுக்கு மேல என்ன விளம்பரம் வேணும்? எனக்கும் அதுல அக்கவுண்ட் இருந்துச்சு, காலேஜ் கூட்டாளிக ஒரு ராத்திரி கூடுனோம், அருமையா இருந்துச்சு, பெறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.

கூகுள் பிளஸ் வந்ததுக்குப் பேஸ்புக் பதிலடி குடுக்க எடுத்துக்கிட்ட நேரம் ஒரு வாரம் கொஞ்சம் கூட. அதே 2011 ஜூலை 6ஆம் தேதி ஸ்கைப்போட சேந்து வீடியோ கால் விட்டாக. ரெண்டு பேருதான் பேசலாம், 10 பேரெல்லாம் கெடையாது, கூகுளோடதை விட மட்டந்தான். ஆனா அங்க ஏற்கெனவே 75 கோடிப் பேரு இருந்தாக, பேச வேண்டிய ஆளு அங்கதான் இருந்தான். கூகுள் 2013ல ஹேங்அவுட்ஸைத் தனி ஆப்பாவே பிரிச்சுட்டாக. 2018ல கூகுள் பிளஸை மூடப்போறோம்னு சொன்னப்ப அவுகளே ஒரு கணக்கு குடுத்தாக, அதுக்குள்ள வர்ற தடவைகள்ல 90 சதவீதம் 5 நொடிக்குள்ள முடிஞ்சுருதுன்னு. 5 நொடி! தெரியாம கதவைத் தொறந்துட்டு "அய்ய, இது இல்ல"ன்னு மூடுற நேரம். 2019 ஏப்ரல் 2ஆம் தேதி பொது ஜனங்களுக்கு மூடிட்டாக.

வாட்ஸப்பைப் பாருங்க. 2016 பிப்ரவரியிலயே 100 கோடிப் பேரு ஆயாச்சு, அப்ப அதுல வீடியோ காலே கெடையாது. அந்த நவம்பர்லதான் வந்துச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி செப்டம்பர்ல ஜியோ வந்துருச்சு, நம்ம ஜனத்துக்கு நெட்டு தண்ணி மாதிரி கெடைச்ச நேரம், அடுத்த வருசமே இந்தியாவுல ஒரு நாளைக்கி 5 கோடி நிமிஷம் வாட்ஸப் வீடியோ கால்னு கணக்கு வந்துச்சு. குரூப் காலுக்கு 2018 வரைக்கும் காத்துக் கெடந்தோம், அப்பவும் 4 பேருதான். 2020லதான் 8 ஆச்சு, இப்ப 32. கூகுள்ல 2011லயே 10 பேரு பேசுனதை இவுக ஒம்பது வருசம் கழிச்சும் 8தான் குடுத்தாக, ஜனம் அங்கதானே இருந்துச்சு! ஆளுக மொதல்ல, படம் பெறகு. தேவகோட்டைத் தம்பி இதைத் தலைகீழாப் புடிக்கிறான்.

கொரோனாக் காலத்துக் கதையும் அதேதான். ஜூம்ல மீட்டிங்குக்கு வந்து போறது 2019 டிசம்பர்ல ஒரு நாளைக்கி 1 கோடின்னு இருந்தது, 2020 ஏப்ரல்ல 30 கோடி ஆயிருச்சு. அத்தனை பேரு வந்தாக போனாக, ஜூம்ல யாராவது பொங்கல் வாழ்த்து போஸ்ட் போட்டுப் பாத்திருக்கீகளா? ஹவுஸ்பார்ட்டின்னு ஒரு வீடியோ கால் ஆப்பு, நீங்க ஆப்பைத் தொறந்தாலே சிநேகிதங்களுக்கு "இன்னாரு வீட்டுல இருக்காரு"ன்னு சேதி போகும், எங்க அயித்தைக்கே செஞ்சு வச்ச மாதிரி. ஒரே மாசத்துல 5 கோடிப் பேரு சேந்தாக அதுல. 2021 அக்டோபர்ல மூடிட்டாக. ஸ்கைப்பு, வீடியோ கால்னாலே அதுதான்னு இருந்த காலம் ஒண்ணு உண்டு, அதையும் 2025 மே மாசம் மூடியாச்சு. மூடுன லிஸ்ட்டைப் பாத்தாலே பயமா இருக்கு.

சரி, இவ்வளவு திட்டியாச்சு, நியாயத்தையும் சொல்லணும். வீடியோ காலுக்குன்னு ஒரு பெரிய சக்தி இருக்கு, அதைப் பாக்காதவன் பெரியவுக இருக்குற வீட்டுல இருந்திருக்க மாட்டான். எங்க அப்பத்தாவுக்கு டைப் பண்ண வராது, எழுத்து சின்னதா இருந்தா தெரியாது, லைக்குன்னா என்னன்னே தெரியாது. அவுக கையில ஸ்மார்ட்போன் வந்ததே பேரன் பேத்தி மூஞ்சி பாக்கத்தான். "பேசுறது பழைய போன்லயே பேசுறேனே, மூஞ்சி தெரியும்னாத்தான் இது"ன்னு கறாரா சொல்லிட்டாக. இந்த ஏரியாவுல எத்தனை வளவுல ஒரு ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும் இருக்காக, அவுக எல்லார் கையிலயும் இன்னைக்கி ஒரு பெரிய ஸ்கிரீன் போன் இருக்குன்னா காரணம் இது ஒண்ணுதான். வீடியோ கால் ஜனத்தை நெட்டுக்குக் கொண்டாந்துச்சு, போனுக்குக் கொண்டாந்துச்சு. ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்குக்குக் கொண்டாந்து அங்கயே உக்கார வைக்கிறது வேற சமாச்சாரம்.

இன்னொண்ணு, நான் எதிர்பாக்காத சந்தோசம். அந்த ரூமைத் தொறந்து போட்டுட்டுப் போற வசதி இருக்கு பாருங்க, அதை நாங்க கூட்டத்துக்குத்தான் வச்சிருந்தோம், வீட்டுப் பொம்பளைக அதை வேற எதுக்கோ எடுத்துக்கிட்டாக. தங்கச்சி மக கல்யாணத்துக்கு முன்னாடி பலகாரம் போட பள்ளத்தூர் வீட்டுல பின்பக்கத்து ரெண்டாங்கட்டுல அடுப்பு மூட்டியாச்சு. என் வீட்டுக்காரவுக போனை மாவு டப்பா மேல சாச்சு வச்சு ரூமைத் தொறந்து விட்டுட்டு, பாட்டுக்கு மனகோலம் புழிஞ்சுக்கிட்டு இருக்காக. யாரையும் கூப்பிடல. அந்தப் பக்கம் சிங்கப்பூர் அண்ணி அவுக அடுக்களையில கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காக, டல்லாஸ்ல கொழுந்தன் மக காலையில காபி போட்டுக்கிட்டு, இவுக யாரும் யாரையும் பாத்துக் கூடப் பேசல. அரை மணிக்கு ஒரு தடவ "பாகு பதம் வந்துருச்சா ஆச்சி?", "இன்னும் இல்ல, கம்பிப் பதம் வரல", அவ்வளவுதான். எண்ணெய்ச் சத்தம் மட்டும் போய்க்கிட்டு இருக்கும். நாள் முழுக்க ஓடுச்சு. இதை எந்தக் கம்பெனிக்காரனும் விளம்பரத்துல போட மாட்டான், ஆனா நான் பாத்ததுலயே அந்த ஆப்போட நல்ல உபயோகம் அதுதான். அன்னைக்கி பினாங்கு அயித்தையும் அந்தச் சேதியைப் பாத்துத்தான் உள்ள வந்தாக, வந்து தேன்குழலுக்கு வெண்ணெய் போதாதுன்னு சொல்லிட்டுப் போனாக. போதாதுதான். அந்தத் தண்டோரா அன்னைக்கி ஒரு நாள் நல்லது பண்ணுச்சு, ஒத்துக்கிறேன், அதுக்காக அந்தப் பொத்தானை மன்னிக்க முடியாது.

கால் தரமும் நல்ல தரம். எங்க வீட்டுச் சுவரு சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் போட்டுப் பூசுனது, ஒவ்வொண்ணும் முழங்கை கனம். ரவுட்டர் முகப்புல இருக்கு, பட்டாலைக் கூடத்தைத் தாண்டும்போதே சிக்னல் இளைச்சுரும், ரெண்டாங்கட்டுல சுத்தமா மூச்சு விடாது. அந்த நெலமையிலயும் அது படத்தைக் குறைச்சு, பெறகு நிறுத்தி, குரலை மட்டும் விடாம புடிச்சுக்கிட்டு நிக்கும். குரலுக்கு நொடிக்கு 20, 30 கிலோபிட் இருந்தாப் போதுமாம், படத்துக்குத்தான் நூறு நூறாக் கேக்குமாம். எதை விடணும் எதைப் புடிக்கணும்னு அதுக்குத் தெரியுது. பெறகு வளவுல சிக்னலை நீட்டி விடுற எக்ஸ்டெண்டர் ஒண்ணு மாட்டுனோம், அதை மாட்ட வந்த பையன் டிரில்லரைப் போட்டுட்டு "என்னண்ணே, சுவரா பாறையா"ன்னான், அது வேற கதை.

இப்ப தேவகோட்டைக்காரருக்கு. அண்ணே, உங்க மகன் வீடியோ கால்ங்கிறதை ஏதோ பொக்கிசமா நினைக்கிறான். கூகுள் 2011லயே வெப்ஆர்டிசின்னு அந்தத் தொழில்நுட்பத்தை ஓசியில தொறந்து விட்டுட்டாக, 2021ல அது உலகத் தரமாவே ஆயிருச்சு, பிரௌசருக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் கோடிங் தெரிஞ்ச யாரும் ரெண்டு பேரு பேசுற வீடியோ காலை ஒரு வாரத்துல செஞ்சுரலாம், அதனால அது அவனுக்கு மட்டும் கெடைச்ச அனுகூலம் இல்ல. மேல சொன்ன சர்வர் பில் மட்டும் அவனுக்கே அவனுக்கு. அரட்டைங்கிற மெசேஜ் ஆப்பைப் பாருங்க, நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ கம்பெனி செஞ்சது, 2021லயே வந்துருச்சு, கால் வசதியும் உண்டு, பல வருசம் சத்தமில்லாமத்தான் கெடந்துச்சு. 2025 செப்டம்பர்ல சுதேசிப் பேச்சு கெளம்புனப்ப ஒரு நாளைக்கி 3,000 பேரு சேந்துக்கிட்டு இருந்தது மூணு நாள்ல 3,50,000 ஆச்சுன்னு ஜோஹோவைத் தொடங்குன ஸ்ரீதர் வேம்புவே சொன்னாரு. காலுக்காகவா வந்தாக? வேற காத்து அடிச்சுச்சு, வந்தாக.

அவன்கிட்ட இருக்குற நெசமான சரக்கு வரன் விசயந்தான். யாரு எந்தக் கோயிலு (நம்ம செட்டிநாட்டுல கோயிலுதான் குலப் பிரிவு), எந்த ஊரு, எந்த வீடு, இளையாத்தங்குடியா மாத்தூரா வைரவன்கோயிலா, ஒரே கோயிலுக்குள்ள பொண்ணு எடுத்துக் குடுக்கலாமா கூடாதா, இந்த வெவரம் வாட்ஸப்புல கெடைக்காது, ஒவ்வொருத்தரும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கோம். அதுக்கு வரச்சொல்லுங்க, ஜனம் வரும். வந்தவுக ரெண்டு வீடும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கப் பத்து நிமிஷம் ஒரு கால், ரெண்டே பேரு, யாருக்கும் தெரியாம. அதுக்கு வச்சா அந்தக் கால் வேலை செய்யும், சர்வர் செலவும் கம்மி. ஆனா ஒண்ணு, அந்தக் காலை ஊருக்கு அறிவிச்சான்னா மொத நாளே ஆப்பை எல்லாரும் அழிச்சுருவாக, வரன் விசயத்துல அறிவிப்பு வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அந்த மூணு போன் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

என் ஆப்புக்கு மார்க்கு கேக்குறீகன்னா, காலுக்குப் பத்துக்கு ஒம்பது, நெட்வொர்க்குக்கு ரெண்டு, அந்தப் பொத்தானுக்கு மைனஸ்ல எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கங்க. யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். புதுசாச் சேரணும்னு நெனைக்கிறவுக சேராதீக. நேத்து கூட ஒரு அப்டேட்டு வந்துச்சு, போய்ப் பாத்தேன், பொத்தான் ஆன்ல இருக்கு.

அழிச்சுட்டேனான்னு கேட்டா, இல்ல. ஓட்டுக் காண்ட்ராக்டரு புது ரேட்டு சொல்லியிருக்காரு, வர்ற ஞாயித்துக்கிழமை அதைப் பேசணும், பினாங்கு அயித்தை பங்குப் பணத்துக்குச் சரின்னு சொல்லணும், அவுக வேற எந்த ஆப்புலயும் இல்ல, எறக்கித் தர்றேன்னு சொன்னாலும் "எனக்கு இதுவே போதும்ப்பா"ங்கிறாக.